கண்ணாடி நீதவானின் விண்ணப்பம்

கரடி ஓடை, இல்லினாய்ஸ் பிரதேசம்,
அக்டோபர் 1813.

மதிப்புக்குரிய மச்சான், தோணித்துறைச் சமாதான நீதவான் ஏனோக்கு பிளெட்சோ அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் தங்கையின் கணவன் என்று எழுதி, அதை அடித்துவிட்டு, கரடி ஓடைக் கடைக்காரன் ஒபதியா க்ரல் பணிவுடன் எழுதிக்கொள்வது. ஏன் அடித்தேன் என்பது கீழே வரும். தாங்களும் மனைவி தாமாரும் ஆண்டவர் கிருபையில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஏப்ரல் மாதம் நியமனப் பத்திரத்தை மான்தோலில் சுற்றிக்கொண்டு என் கடைக்கு வந்துபோனீர்களே, அதற்குப் பிறகு நாம் பார்த்துக்கொள்ளவில்லை. அன்று நாம் திறந்த ஆப்பிள் கள்ளைப் போல இந்த வருஷம் ஒன்றும் அமையவில்லை. இங்கே தங்கள் தங்கை ஹெட்டி சுகம். அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகம், நன்றாக உதைக்கிறது என்று கேள்வி. கேள்வி என்று எழுதக் காரணம், நான் இப்போது அந்த வீட்டில் இல்லை. கடையில், உப்பு மூட்டைக்கும் ஆணிப் பெட்டிக்கும் நடுவில் படுக்கிறேன். தலைமாட்டில் ஒரு நிலைக்கண்ணாடி இருக்கிறது. அதுவும் கீழே வரும்.

மச்சான், சரக்கில் கோளாறு இருந்தால்தான் கடைக்காரன் வானிலையைப் பற்றிப் பேசுவான். எனக்குத் தெரியும், நான் பேசியிருக்கிறேன். அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். எனக்கும் உங்கள் தங்கைக்கும் கல்யாணம் ஆகவில்லை. கிறிஸ்துமஸிலிருந்து ஆனதாக நினைத்துக்கொண்டிருந்தோம். ஊரும் நினைத்தது, நீங்களும் வந்து வாத்துக்கறி தின்றுவிட்டு நினைத்தீர்கள். ஆகவில்லையாம். முதல் பனி விழுவதற்குள் பிள்ளை பிறந்துவிடும், அதற்குள் ஆகியாக வேண்டும். அதற்கு உங்கள் உதவியைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். போன குளிர்காலத்தில் என் கடை வாசலில், இருபது பேர் காதில் விழும்படி, "எங்க தோணிக்கார மச்சானுக்கு ஆளுநர் நீதவான் பதவி குடுத்தா, தோணிக்கும் துடுப்புக்கும்தான் தீர்ப்பு சொல்லுவாரு" என்று சொன்னேன். அதே வாயால்தான் இப்போது கேட்கிறேன். இதை எழுதும்போது காது வரை சுடுகிறது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். ஆளுநருக்கு இந்தக் காட்டில் யாரைத் தெரியும்? ஊரார் கூடி யார் பெயரைச் சொல்லி அனுப்புகிறார்களோ, அந்தப் பெயரைப் பத்திரத்தில் எழுதி முத்திரை வைத்து அனுப்பிவிடுவார். அந்தக் கூட்டம் என் கடையில்தான் கூடியது. கூரையுள்ள பெரிய இடம் வேறு கிடையாது. கூட்டத்தன்று ஒரு பீப்பாய் ஆப்பிள் கள்ளை நான் தற்செயலாகத் திறந்து வைத்திருந்தேன். தற்செயல் என்று அன்று சொன்னேன், இன்று அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. முதலில் வேட்டைக்கார லெம் போட்டீட்டின் பெயரைத்தான் சொன்னார்கள். அவன் எழுந்து, "வேண்டாம்பா. நான் நீதவான் ஆனா எம்மேல இருக்கற வழக்கையெல்லாம் நானே விசாரிக்கணும். எனக்கு எம்மேல நம்பிக்கை இல்ல" என்றான். அடுத்து இரண்டு பேர் எழுதப் படிக்கத் தெரியாது என்றார்கள். ஒருவர் வசந்தத்தில் மேற்கே போய்விடுவேன் என்றார். பிறகு எல்லோரும் கோப்பையைப் பார்த்தார்கள், பீப்பாயைப் பார்த்தார்கள், கடைசியில் என்னைப் பார்த்தார்கள். "ஒபதியா எதையும் நிறுத்துப் பாக்காம குடுக்க மாட்டான், நியாயத்தையும் அப்படித்தான் குடுப்பான்" என்று யாரோ சொன்னார்கள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் போகாமல், முதுகில் மூட்டை சுமந்து ஊசி விற்று, ஒரு கடை போட்ட ஆள் நான். ஐயா என்று என்னை யாரும் கூப்பிட்டதில்லை. ஆசைப்பட்டேன் மச்சான், அதுதான் உண்மை.

சிவப்பு அரக்கு முத்திரையோடு பத்திரம் வந்தது. கூடவே ஒரு சட்டப்புத்தகமும் வந்தது. பதவியில் உட்காருவதற்கு முன்னால் இன்னொரு நீதவான் முன்பு நின்று, கை தூக்கிச் சத்தியம் செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. இன்னொரு நீதவானுக்கு நான் எங்கே போவேன்? கோட்டைப் பட்டணத்தில்தான் ஒருவர் இருந்தார். நடுவில் சதுப்பு, வெள்ளம், போதாததற்குப் போர் என்ற பேச்சு. கடையைப் பூட்டிவிட்டுப் போனால் திரும்பி வரும்போது பூட்டு மட்டும்தான் மிஞ்சும். இந்த நேரத்தில் லெம் ஒரு பன்றியைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான், பின்னாலேயே எதிர்க்கரைக்காரர் ஒருவர் அது தன் பன்றி என்று கத்திக்கொண்டு வந்தார். நம் ஊரில் எல்லாப் பன்றியும் காட்டில்தான் மேய்கிறது, காதில் இருக்கும் வெட்டை வைத்துத்தான் யாருடையது என்று சொல்ல முடியும். இந்தப் பன்றிக்கு அந்தக் காதே இல்லை, ஏதோ ஓநாய் கடித்துக்கொண்டு போயிருந்தது. இரண்டு பேர் கையிலும் துப்பாக்கி.

"உடனே தீர்ப்பு சொல்லு ஒபதியா," என்றான் லெம்.

"இன்னும் சத்தியம் பண்ணலடா. இன்னொரு நீதவான் வேணும்."

லெம் கடையைச் சுற்றிப் பார்த்தான். ஆற்றுப் படகில் வந்து, யாரும் வாங்காமல், பொன்பூச்சுச் சட்டத்தோடு ஒரு நிலைக்கண்ணாடி சுவரில் சாய்ந்திருந்தது. "அதோ நிக்கறாரே ஒருத்தர். உன்ன மாதிரியே வழுக்கை, உன்ன மாதிரியே தொப்பை. பத்திரமும் அவர் பேர்லதான் வந்திருக்கு. அவர் முன்னாடி பண்ணு," என்றான்.

சிரித்தேன். பிறகு புத்தகத்தை மறுபடி படித்தேன். ஒரு நீதவான் முன்பு என்றுதான் இருந்தது. அவர் வேறு ஆளாக இருக்க வேண்டும் என்று வெளிப்படையாக எழுதவில்லை. வியாபாரத்தில் வாக்கியத்தின் ஓட்டை வழியாக எத்தனையோ முறை வெளியே வந்தவன் நான். இதிலும் நுழைந்தேன். கண்ணாடி முன் நின்று கை தூக்கினேன். அவரும் தூக்கினார். கேள்வியைக் கொஞ்சம் கனத்த குரலில் கேட்டுவிட்டு, பதிலைப் பணிவாகச் சொன்னேன். ஊரார் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அன்றே பிழைத்திருப்பேன்.

பன்றி வழக்கில் நான் சொன்ன தீர்ப்பும் பெருமைப்பட ஒன்றுமில்லை. பன்றியை நடுவில் விட்டு, இரண்டு பேரையும் கூப்பிடச் சொன்னேன், யாரிடம் போகிறதோ அவருடையது என்று. அது இரண்டு பேரிடமும் போகவில்லை. நேராக என் கல்லாவுக்குப் பின்னால் இருந்த சோளக் கூடைக்கு வந்துவிட்டது. புத்தகத்தில் அதற்கு விதி இல்லாததால், வழக்கு தெளியும் வரை பன்றி நீதிமன்றக் காவலில் என்று சொல்லி என் கொட்டிலில் அடைத்தேன். லெம் பத்து மாதமாக அந்தக் கொட்டிலைத் தாண்டும்போதெல்லாம் எச்சில் துப்பிவிட்டுத்தான் போனான்.

அடுத்தது கல்யாணம். ஹெட்டியை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் புருஷன் ஆற்றோடு போன பிறகு தனியாகக் காடு வெட்டி, தனியாகச் சோளம் போட்டவள். என் கடைக்கு ஆணி வாங்க வந்து, என் தராசைத் தன் கையால் திருப்பி வைத்து, "கடைக்காரரே, உங்க தராசுக்கு உங்கமேல பிரியம் ஜாஸ்தி" என்று சொன்னாள். அன்றிலிருந்து என் தராசு நேராக நிற்கிறது, எனக்குத்தான் நிலை கொள்ளவில்லை. பாதிரியார் வசந்தத்தில்தான் வருவார், அதுவும் ஓடைத் துறை காய்ந்தால். நீதவானுக்கும் கல்யாணம் செய்து வைக்க உரிமை உண்டு என்று புத்தகம் சொல்கிறது, நான் நீதவான், அப்புறம் என்ன காத்திருப்பு? நீங்களும்தான் அன்று அங்கே இருந்தீர்கள். கல்லாவுக்கு உள்ளே நின்று, "ஒபதியா க்ரல், இந்தப் பெண்ணை ஏற்றுக்கொள்கிறாயா" என்று கேட்டேன். பிறகு கல்லாவின் மடக்குப் பலகையைத் தூக்கி வெளியே வந்து ஹெட்டி பக்கத்தில் நின்று "ஏற்றுக்கொள்கிறேன்" என்றேன். மறுபடி உள்ளே போய் அவளைக் கேட்டேன். மறுபடி வெளியே வந்து அவள் கையைப் பிடித்தேன். மூச்சு வாங்கியது. ஹெட்டி சிரித்த சிரிப்பில் கொண்டை அவிழ்ந்தது. நீங்கள் கண்ணீர் வரச் சிரித்துவிட்டு, ஏப்ரலில் உங்களுக்கும் நியமனம் வந்ததும், அதே வாரம் தாமாரோடு உங்கள் வீட்டு அடுப்பங்கரையில் இதே முறையில் கல்யாணத்தை முடித்தீர்கள். ஆனால் உங்கள் காரியம் வேறு. நீங்கள் என்னைப் போலக் கண்ணாடி முன் நின்றவர் அல்ல. முறைப்படி ஒரு நீதவான் முன் நின்று கை தூக்கியவர். அதனால்தான் வெட்கத்தை விட்டு உங்கள் காலில் விழுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை, ஊர் ஊராகச் சுற்றி வழக்குக் கேட்கும் சுற்று நீதிபதி தோர்ன் குதிரையில் வந்து இறங்கினார். லெம் என் தீர்ப்பின்மேல் முறையீடு செய்திருந்தான். கடை நிரம்பிவிட்டது. நீதிபதி ஆணிப் பீப்பாய் மேல் உட்கார்ந்தார், பக்கத்தில் சாட்சியாகப் பன்றி. ஹெட்டி சோளரொட்டியும் கரடிக்கொழுப்பில் வறுத்த முயலும் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"முதல்ல நியமனப் பத்திரம்," என்றார் நீதிபதி. கொடுத்தேன். "நல்லது. சத்தியம் யார் முன்னாடி?"

"ஒரு நீதவான் முன்னாடிதாங்க ஐயா."

"பேர்?"

"ஒபதியா க்ரல்."

"ஓகோ. உங்க சொந்தக்காரரா?"

நான் பதில் சொல்வதற்குள் லெம் முந்திக்கொண்டான். "ரொம்ப நெருங்கின சொந்தங்க ஐயா. அதோ அந்தச் சுவத்துல சாஞ்சிருந்த கண்ணாடிக்குள்ள குடியிருந்தாரு, இப்ப கல்யாணமாகி வீட்டுக்குள்ள குடி போயிட்டாரு."

உதவி செய்கிறேன் என்று நினைத்தானா, பழி வாங்கினானா தெரியாது. வழியைக் காட்டியவனே அவன்தான் என்பதை நான் சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லை. நீதிபதி சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். கன்னம் இரண்டும் உப்பியது. "க்ரல் ஐயா, ஒரு சந்தேகம். நீங்க வலது கையத் தூக்கியிருப்பீங்க. உள்ள இருந்தவர் எந்தக் கையத் தூக்கினார்?"

"இடது கை ஐயா," என்றேன். வேறு என்ன சொல்ல.

"அப்ப அவர் சத்தியமும் செல்லாது, உங்க சத்தியமும் செல்லாது," என்றார். கடையே இடிந்து விழுவதுபோலச் சிரித்தது. பன்றிகூட உறுமியது. பிறகு அவர் முகம் மாறியது. சத்தியம் செல்லாவிட்டால் நான் நீதவானே இல்லை, நான் சொன்ன தீர்ப்பும் இல்லை, செய்து வைத்த கல்யாணங்களும் இல்லை என்றார். எதிர்க்கரைக்காரர் வராததால் பன்றியை லெம்மிடம் கொடுக்கச் சொன்னார்.

"அப்ப எனக்கும் கல்யாணம் ஆகலைங்களா?" என்று கேட்டான் லெம். அவன் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்தது. அவன் மனைவி பின்னாலிருந்து, "ஆகலைன்னா வா, இப்பவே ஆகட்டும்" என்று காதைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். நீதிபதி நல்ல மனிதர். நான் சேர்த்து வைத்த ஜோடிகளையெல்லாம் வரிசையில் நிற்கவைத்து, அங்கேயே, அந்தப் பீப்பாய் பக்கத்திலேயே மறுபடி சேர்த்து வைத்தார். கடைசியில் என்னைப் பார்த்து, "நீங்களும் வாங்க. இந்தத் தடவை ஓட வேண்டாம், ஒரு பக்கமாவே நில்லுங்க" என்றார். மறுபடி சிரிப்பு.

நான் வாசலைப் பார்த்தேன். ஹெட்டி தட்டை ஆணிப் பெட்டி மேல் வைத்துவிட்டு, கையை ஏப்ரனில் துடைத்தாள். "நீதிபதி ஐயாவுக்கு நன்றி. சிரிக்கறவங்க நடுவுல நின்னு நான் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன்," என்றாள். போய்விட்டாள். சிரிப்பு நின்றுவிட்டது. நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது, அத்தனை நேரமும் அவள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு அந்த வாசலில் நின்று அதைக் கேட்டிருக்கிறாள்.

வீட்டுக்குப் போனேன். கல்யாணப் பரிசாக நான் கொடுத்த அந்தக் கண்ணாடி வாசலுக்கு வெளியே சாய்ந்திருந்தது. அதன்மேல் என் கம்பளி மடித்து வைத்திருந்தது.

"ஹெட்டி," என்றேன்.

"கடை அந்தப் பக்கம் கடைக்காரரே."

மச்சான், கிறிஸ்துமஸிலிருந்து அவள் என்னை 'ஏங்க' என்றுதான் கூப்பிட்டாள். மறுபடி கடைக்காரர் ஆகிவிட்டேன்.

"உள்ள வந்து பேசறேனே."

"நேத்து வரைக்கும் நீங்க என் புருஷன். இன்னைக்கு நான் ஒத்தை வீட்டுப் பொம்பள. கல்யாணம் ஆகாத ஆம்பளைய நான் உள்ள விடறதில்ல." சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். பிறகு உள்ளேயிருந்து, மெதுவாகத்தான், "எனக்கு என்ன பேர் வெச்சாலும் தாங்குவேன். இந்தப் பிள்ளைய ஊர்ல என்னன்னு கூப்பிடுவாங்க? கண்ணாடிக்குப் பொறந்ததுன்னுதானே" என்றாள். கம்பளியைத் தோளில் போட்டு, கண்ணாடியைச் சுமந்துகொண்டு கடைக்குத் திரும்பினேன்.

அதற்குப் பிறகு நீல சீட்டித் துணி ஒரு பீஸ் கொண்டுபோய் வைத்தேன். அளந்து பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள். வெல்லப்பாகு ஒரு ஜாடி கொண்டுபோனேன். அதை வாங்கிக்கொண்டாள், பிள்ளைக்கு என்று. தினமும் விறகு வெட்டி வாசலில் போடுகிறேன். எடுத்துக்கொள்கிறாள், பேசுவதில்லை. கடைக்கு வருகிறவர்கள் உப்பு கேட்பதற்கு முன், "உள்ள இருக்கறவர் சுகமா" என்று கண்ணாடியைக் காட்டிக் கேட்கிறார்கள். காலையில் சவரம் செய்ய அதன் முன்தான் நிற்கவேண்டியிருக்கிறது. அவரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, நானும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. தாடையை மட்டும் பார்த்துக்கொள்கிறோம். மூட்டை சுமந்த காலத்தில் எத்தனையோ வாசலில் துரத்தியிருக்கிறார்கள், நாயை ஏவியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் வெட்கப்படவில்லை. அது எனக்கு மட்டும் நடந்தது. இதை நான் அவளுக்குச் செய்துவிட்டேன்.

நேற்று கதவுக்கு வெளியே நின்று கெஞ்சினபோது கடைசியாக ஒரு வழி சொன்னாள். "எங்க அண்ணன் வரட்டும். அவன் ஒழுங்கா சத்தியம் பண்ணின நீதவான். என் ரத்தம், என்னப் பாத்துச் சிரிக்க மாட்டான். என் வீட்டுக்குள்ள, யாரும் இல்லாம, அவன் செஞ்சு வெச்சா சரி."

ஆகவே மச்சான், தோணித் துறையை ஒரு நாள் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வந்து எங்களைச் சேர்த்துவைக்கும்படி மன்றாடுகிறேன். போன குளிர்காலத்தில் வாசலில் சொன்னதை மறந்துவிடுங்கள். மறக்க முடியாவிட்டால் கல்யாணம் முடிந்த பிறகு அதே வாசலில் நின்று என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், இருபது பேரை நானே கூட்டி வருகிறேன். இதைக் கொண்டுவருவது லெம்தான். தன் பன்றியை உங்கள் தோணியில் ஏற்றி அக்கரையில் விற்கப் போகிறானாம், செய்த பாவத்துக்குக் கடிதம் சுமக்கிறேன் என்றான். கடவுள் உங்கள் துறையில் வெள்ளத்தை அளவோடு வைக்கட்டும், உங்கள் தோணி தாங்கட்டும், தாமாரின் கை மணக்கட்டும், உங்கள் தீர்ப்புகள் எதற்கும் மேல்முறையீடு வராதிருக்கட்டும்.

தங்கள் தயவை எதிர்பார்த்துக் கடை வாசலில் நிற்கும்,
ஒபதியா க்ரல்,
வியாபாரி. (வேறொன்றும் இல்லை.)

பின்குறிப்பு: மச்சான், வர வேண்டாம். மேலே எழுதியதெல்லாம் வீண். அனுப்புவதற்கு முன் ஹெட்டி பார்த்துவிடட்டும் என்று கதவு இடுக்கில் கடிதத்தை நீட்டினேன். உள்ளே காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "அண்ணன் முறைப்படி ஒரு நீதவான் முன்னாடி கை தூக்கினானா?" என்று குரல் வந்தது. ஆமாம் என்றேன். "எந்த நீதவான்? ஏப்ரல்ல, மான்தோல்ல பத்திரத்தச் சுத்திக்கிட்டு யார் கடைக்கு வந்தான்? நான்தானே பூசணிக்காய் வேகவெச்சேன்," என்றாள்.

நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். என் முன்னால்தான் கை தூக்கினீர்கள் மச்சான். ஆப்பிள் கள்தான் ஞாபகம் இருந்தது, அதை எதற்காகத் திறந்தோம் என்பது மறந்துவிட்டது. நான் நீதவான் இல்லை என்றால் நீங்களும் இல்லை. அடுப்பங்கரையில் நீங்களும் தாமாரும் செய்துகொண்டதும் ஒன்றுமில்லை.

அப்போது உள்ளே ஒரு சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று பயந்தேன். சிரிக்கிறாள். கொண்டை அவிழ்கிற அந்தச் சிரிப்பு. கதவு திறந்தது. "அண்ணனும் நம்ம வரிசையிலதான் நிக்கணும். நான் ஒருத்தி மட்டும்னா முடியாது, தாமாரும் பக்கத்துல நின்னா ஊர் சிரிக்கட்டும். நீதிபதி அடுத்து தோணித்துறைக்குத்தானே போறாரு? வண்டியக் கட்டுங்க. ஏங்க, காதுல விழுதா, உங்களத்தான்," என்றாள்.

இரண்டு தடவை சொல்லச் சொன்னேன். சொல்லவில்லை. ஒன்றே போதும்.

ஆகவே நீதிபதி தோர்ன் வந்தால் எப்படியாவது பிடித்து வையுங்கள், தோணி ஓட்டை என்று சொல்லுங்கள். வியாழன் காலை நாங்கள் வந்துவிடுவோம், இரண்டு ஜோடியாக நிற்போம். நாங்கள் வரும் வரை தாமாரிடம் ஒரு வார்த்தை சொல்லாதீர்கள் என்றுதான் எழுத வந்தேன். ஆனால் ஹெட்டி எல்லாவற்றையும் லெம்மிடம் வாய்வழியாகச் சொல்லி, தாமாரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று சத்தியம் வாங்கிவிட்டாள். அவனும் ஹெட்டி முன்னாலேயே நின்று, வலது கையைத் தூக்கி, ஒழுங்காகச் சத்தியம் செய்தான். உங்கள் வீட்டில் அவன் முதலில் நுழைவது எப்போதும் அடுப்பங்கரைதான். இந்த வரியை நீங்கள் படிக்கும் நேரத்தில் உங்கள் கம்பளி வாசலில் இருக்கும். கண்ணாடியையும் வண்டியில் ஏற்றிவிட்டேன், இனி அது உங்களுக்குத்தான் வேண்டியிருக்கும்.